நூறு ஆக்டேனும் ஒரு பாட்டில் மருந்தும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

நம் கல்லூரியில் வண்டிகள் நிறுத்துமிடத்தில் பத்து நிமிடம் நின்றால் போதும், இந்தப் பேச்சு காதில் விழும். "நூறு ஆக்டேன் போட்டேன்டா மாப்ளே, வண்டி பறக்குது" என்பார் ஒருவர். "அதுக்கு ஏன் அவ்வளவு காசு? ஆன்லைன்ல ஒரு பாட்டில் வாங்கி டேங்க்ல ஊத்து, சாதாப் பெட்ரோலே ரேஸ் பெட்ரோல் ஆயிடும்" என்பார் அடுத்தவர். வேதியியல் படிக்கிறவன் என்பதால் என்னிடமும் சிலர் யோசனை கேட்டதுண்டு. நின்றுகொண்டே சொல்லி முடிக்கக்கூடிய பதிலாக அது இல்லை. எனவே இங்கே எழுதுகிறேன். எஞ்சின் கேட்காத ஆக்டேனை அதற்கு ஊற்றுவது வீண். எஞ்சின் கேட்கும் ஆக்டேனையே ஆனாலும், எந்தப் பொருளைக் கலந்து கொடுக்கிறோம், அந்தப் பொருள் எரிந்த பின் எங்கே போகிறது என்று பாராமல் கொடுப்பது வீணைவிடப் பெரிய கேடு. இதுதான் என் கட்சி.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். ஆக்டேன் எண் என்பது பெட்ரோலின் பலம் அல்ல. அது பெட்ரோலின் பொறுமை. எஞ்சினுக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் அழுத்துகிறது. அழுத்தினால் எந்த வாயுவும் சூடேறும். அந்தச் சூட்டைத் தாங்கிக்கொண்டு, பிளக்கிலிருந்து தீப்பொறி வரும்வரை காத்திருந்து, பிறகு வரிசையாக எரிவது நல்ல கலவை. தீபாவளிச் சரவெடியை நினைத்துக்கொள்ளுங்கள். திரியில் ஏறிய நெருப்பு ஒவ்வொரு வெடியாகப் போகும்போது அதில் ஓர் ஒழுங்கு உண்டு. பெட்டியில் இருக்கும் சரம் முழுவதும் ஒரே கணத்தில் பற்றினால்? தீப்பொறியிலிருந்து சுடர் பரவிக்கொண்டிருக்கும்போதே, சிலிண்டரின் கடைக்கோடியில் மிஞ்சியிருக்கும் கலவை தானாக வெடித்துவிடுகிறது. அதைத்தான் நம்மூர் மெக்கானிக்குகள் 'எஞ்சின் நாக் அடிக்குது' என்கிறார்கள். ஏற்றத்தில் வண்டி முக்கும்போது கேட்கும் அந்த 'கணீர் கணீர்' சத்தம் நீடித்தால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

அப்படியானால் வேக வண்டிகளுக்கு ஏன் உயர்ந்த ஆக்டேன் தேவைப்படுகிறது? நம் இயற்பியல் பாடத்தில் வரும் ஆட்டோ சுழற்சியிலேயே விடை இருக்கிறது. அமுக்க விகிதம் 8 என்றால் காகிதக் கணக்கில் கிடைக்கும் திறன் நூற்றுக்கு 56 சொச்சம். 12 என்றால் 63. உண்மை எஞ்சினில் இவ்வளவு கிடைக்காது என்றாலும் போக்கு அதுதான். அதிகம் அமுக்கினால் அதிக வேலை கிடைக்கும். டர்போ வைத்துக் காற்றைத் திணித்தாலும் அப்படியே. ஆனால் அமுக்க அமுக்கச் சூடு ஏறும். சூடு ஏற ஏறப் பொறுமையுள்ள பெட்ரோல் வேண்டும். ஆகவே ஆக்டேன் தன்னால் சக்தியைத் தருவதில்லை. சக்தி தரும்படி கட்டப்பட்ட எஞ்சினைக் கெடாமல் ஓடவிடுகிறது, அவ்வளவே.

இந்த எண் பிறந்த கதையும் சுவையானது. 1926 வாக்கில் கிரஹாம் எட்கர் என்ற அமெரிக்க வேதியியலார் இரண்டு ஹைட்ரோகார்பன்களை எடுத்துக்கொண்டார். நேர்ச் சங்கிலியான ஹெப்டேன் மிக எளிதில் நாக் அடிக்கும், அதற்குப் பூச்சியம். கிளைகள் கொண்ட ஐசோ ஆக்டேன், அதாவது 2,2,4-டிரைமெதில் பென்டேன், எளிதில் மசியாது, அதற்கு நூறு. சுத்தமான ஹெப்டேன் அக்காலத்தில் ஜெஃப்ரி பைன் என்ற மரத்தின் பிசினிலிருந்து கிடைத்தது. ஒரு பெட்ரோல் 91 என்றால், 91 பங்கு ஐசோ ஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவை எந்த அளவில் நாக் அடிக்குமோ அந்த அளவில் அதுவும் அடிக்கும் என்று பொருள். விந்தை என்னவென்றால், கிளையில்லாத சாதாரண ஆக்டேனுக்கு ஆக்டேன் எண் பூச்சியத்துக்கும் கீழே! பூச்சியம் வாங்கிய ஹெப்டேனையும் நூறு வாங்கிய ஐசோ ஆக்டேனையும் ஒவ்வொரு கிராம் எரித்துப் பாருங்கள். வெளிவரும் வெப்பம் ஏறத்தாழ ஒன்றேதான். வேறுபாடு மூலக்கூறின் அமைப்பில் இருக்கிறது, வெப்பத்தில் இல்லை.

இதை அளப்பதற்கென்றே ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் ஒன்று உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் அமுக்க விகிதத்தை ஏற்றி இறக்கலாம். நிமிடத்துக்கு 600 சுற்றில் அளப்பது ஆர்.ஓ.என்.; 900 சுற்றில், இன்னும் கடுமையான நிலையில் அளப்பது எம்.ஓ.என். நம் நாட்டு பங்குகளில் சொல்வது முதலாவதை. அமெரிக்க பங்குகளில் எழுதியிருப்பது இரண்டின் சராசரி. அங்கே 87 என்பது நம் கணக்கில் ஏறத்தாழ 91. அமெரிக்க வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, "அவன் 93 போடுறான், நாம 95 போட்டாத்தான் சரி" என்று வாதிடும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

ஆக்டேனை உச்சத்தில் வைத்து விளையாடிய ஓர் எஞ்சினைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கு அழகில்லை. 1988ஆம் ஆண்டு ஃபார்முலா ஒன் பந்தயங்கள் பதினாறில் பதினைந்தை மெக்லாரன் வண்டிகள் வென்றன. ஓட்டியவர்கள் அயர்டன் சென்னாவும் அலன் பிராஸ்டும். அவற்றில் இருந்தது 1500 சி.சி. ஹோண்டா டர்போ எஞ்சின். நம் ஊரில் ஓடும் சாதாரணக் கார்களின் அளவுதான். ஆனால் அறுநூறு குதிரைத் திறனையும் தாண்டியது. அதற்கு ஊற்றிய பெட்ரோலில் நூற்றுக்கு 84 பங்கு டொலுயீன்! நம் ஆய்வகத்தில் குப்பியில் இருக்கிறதே, அதே டொலுயீன். மீதி 16 பங்கு என்ன தெரியுமா? பூச்சியம் வாங்கிய அதே ஹெப்டேன். விதி அனுமதித்த உச்ச ஆக்டேன் 102. டொலுயீன் அதையும் தாண்டிவிடும் என்பதால், எண்ணைக் கீழே இறக்கிச் சரிக்கட்ட ஹெப்டேனைக் கலந்தார்கள். டொலுயீன் 110 டிகிரியில்தான் கொதிக்கும், எளிதில் ஆவியாகாது என்பதால் பெட்ரோலையே சூடாக்கி எஞ்சினுக்குள் அனுப்பினார்கள். பந்தயப் பொறியாளன் எண்ணைக் குருட்டுத்தனமாக ஏற்றவில்லை. எஞ்சினுக்கு எது வேண்டுமோ அதைக் கணக்கிட்டு, அதற்குரிய பக்குவத்தையும் செய்தான். நாம் நூறு சி.சி. வண்டிக்கு நூறு ஆக்டேன் ஊற்றுகிறோம். அந்த வண்டியின் அமுக்க விகிதம் பத்துக்குப் பக்கம். 91 ஆக்டேனுக்கென்றே அதை வடிவமைத்திருக்கிறார்கள். கூடுதலாகக் கொடுக்கும் பொறுமையை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்? நாக்கை உணரும் சென்சார் பொருத்திய உயர் ரகக் கார்கள் தீப்பொறியின் நேரத்தைத் தாமே முன்தள்ளிச் சிறிது பயன் பெறலாம். அவை நம் கல்லூரி வாசலில் நிற்பவை அல்ல.

இனி இரண்டாவது விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதத் தூண்டியதே அதுதான்.

1921 டிசம்பரில் அமெரிக்காவின் டேட்டன் நகரில், ஜெனரல் மோட்டார்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி என்ற பொறியாளர் நாக்கை அடக்கும் பொருளைக் கண்டுபிடித்தார். அயோடின் முதல் எத்தனையோ பொருள்களைச் சோதித்த பிறகு கிடைத்தது டெட்ரா எதில் லெட். காரீயத்தோடு நான்கு எதில் தொகுதிகள் இணைந்த திரவம். ஒரு காலனுக்கு மூன்று கிராம் சேர்த்தாலே நாக் அடங்கிவிடும். 1923இல் விற்பனைக்கு வந்தது. விற்கும்போது வைத்த பெயர் 'ஈதைல்'. காரீயம் என்ற சொல்லையே காணோம்! (நம் வீட்டில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பை நினைத்து யாரும் பயப்பட வேண்டாம். அது வெள்ளீயம். இது காரீயம்.)

காரீயம் நஞ்சு என்பது அன்று யாருக்கும் தெரியாத இரகசியம் அல்ல. ரோமானியர் காலத்திலிருந்தே தெரியும். 1924 அக்டோபரில் நியூ ஜெர்சி மாநிலத்தின் பேவே சுத்திகரிப்பு ஆலையில் இந்தத் திரவத்தைத் தயாரித்த தொழிலாளர்கள் புத்தி பேதலித்து, கட்டுக்கடங்காமல் துடித்து, ஐந்து பேர் இறந்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் கிடந்தார்கள். அந்த மாத இறுதியில் மிட்ஜ்லி பத்திரிகையாளர்களைக் கூட்டி, அத்திரவத்தைத் தம் கைகளில் ஊற்றிக் காட்டி, முகர்ந்தும் காட்டினார். அதற்கு முந்தைய ஆண்டு காரீய நஞ்சேறி ஓய்வெடுக்கப் போனவர் அவரே என்பதை அன்று அவர் சொல்லவில்லை. யேல் பல்கலைக்கழகத்தின் யாண்டெல் ஹெண்டர்சன், தொழில் மருத்துவத்தின் முன்னோடியான ஆலிஸ் ஹாமில்டன் ஆகியோர் எச்சரித்தார்கள். 1925 மே மாதம் வாஷிங்டனில் மாநாடு கூடியது; விற்பனை சில காலம் நின்றது; 1926இல் குழு அறிக்கை வந்தது, தடை செய்யப் போதிய காரணமில்லை என்று. விற்பனை மறுபடி தொடங்கி உலகெங்கும் பரவியது.

இதில் என் நெஞ்சை உறுத்தும் பகுதி வேறொன்று. எரிந்த காரீயம் ஆக்சைடாகி வால்விலும் பிளக்கிலும் படிந்தது. எஞ்சின் கெட்டது. உடனே என்ன செய்தார்கள்? எதிலீன் டைபுரோமைடு போன்ற பொருளைச் சேர்த்து, காரீயத்தை எளிதில் ஆவியாகும் புரோமைடாக்கி, புகைக் குழாய் வழியாக வெளியே தள்ளினார்கள். வேதியியல் என்ற அளவில் மிக அழகான தீர்வு. தேர்வில் எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். எஞ்சினுக்குள் காரீயம் தங்கக்கூடாது என்று அத்தனை அக்கறையோடு சிந்தித்த மூளைகள், வெளியே போன காரீயம் யார் மூச்சில் போய்த் தங்கும் என்று சிந்தித்திருந்தால்! இரும்புக்குக் கிடைத்த பாதுகாப்பு தெருவில் நடந்தவனுக்குக் கிடைக்கவில்லை.

அந்தத் தெருவில் என் தந்தையும் இருந்தார். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு, 1988இல் பன்னிரண்டு வயதில் ஒர்க்‌ஷாப்பில் கையாளாகச் சேர்ந்தவர் அவர். கார்புரேட்டரைக் கழற்றித் தட்டிலே பெட்ரோல் ஊற்றிக் கழுவுவது, மாலையில் கிரீஸ் பிடித்த கையைப் பெட்ரோலிலேயே கழுவுவது, டேங்கிலிருந்து இறக்க டியூபை வாயில் வைத்து உறிஞ்சுவது, இவையெல்லாம் அந்தப் பையன்களின் அன்றாட வேலை. அன்று நம் நாட்டுப் பெட்ரோலில் காரீயம் இருந்தது. காரீயம் கலந்த பெட்ரோல் என்று அடையாளம் தெரியவே அதற்குச் சாயம் ஏற்றியிருந்தார்கள். இதைப் படித்த அன்று அவரிடம் கேட்டேன்.

"அப்ப பெட்ரோல் என்ன கலர்ல இருக்கும்ப்பா?"

"ஆரஞ்சுக் கலர்ல இருக்கும் கண்ணு. அந்தக் கலர் இருந்தாத்தான் நல்ல சரக்கும்போம். வெள்ளையா இருந்தா மண்ணெண்ணெய் கலந்துட்டான்னு சண்டைக்குப் போவோம்."

எச்சரிக்கை என்று வைத்த நிறம், அதைத் தொட்டுப் பிழைத்தவர்களுக்குத் தரத்தின் அடையாளமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. எழுதி ஒட்டியிருந்தாலும் அது அவர்களுக்குத் தெரிந்த மொழியில் இருந்திருக்காது. டெட்ரா எதில் லெட் தோல் வழியாகவே உடலில் ஏறும். ஏறிய காரீயம் எலும்பில் பல பத்தாண்டுகள் தங்கும். என் தந்தை நலமாகத்தான் இருக்கிறார். ஆனால் அவர் உடலில் எவ்வளவு ஏறியது என்று அளந்தவர் ஒருவருமில்லை. எங்கள் வீட்டில் ஆய்வகத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான். அந்தக் கணக்கைக் கேட்கவாவது எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

உலகம் விழித்துக்கொண்ட விதமும் நேரான வழியில் நடக்கவில்லை. பூமியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என்று 1956இல் நிறுவிய கிளேர் பேட்டர்சன், அந்த ஆராய்ச்சிக்காகக் காரீயத்தை நுட்பமாக அளக்கப் போய், எங்கு தொட்டாலும் காரீயமாக இருப்பதைக் கண்டார். நம் உடலில் உள்ள அளவு இயற்கையானது அல்ல, நாமே பரப்பியது என்று 1965இல் எழுதினார். அதற்குமுன் நாற்பதாண்டுகளாக, 'இவ்வளவு காரீயம் உடலில் இயல்பே' என்று சொல்லி வந்தவர் ராபர்ட் கீஹோ என்ற மருத்துவர். அவர் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது அதே தொழில். 1979இல் ஹெர்பர்ட் நீடில்மன் குழந்தைகளின் பால் பற்களில் காரீயத்தை அளந்து, அது கூடக் கூட அறிவுத்திறன் குறைவதைக் காட்டினார். அமெரிக்காவில் பெட்ரோலில் காரீயத்தைக் குறைத்துக்கொண்டே வந்த 1976 முதல் 1980 வரையிலான சில ஆண்டுகளில், மக்களின் இரத்தத்தில் காரீயம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. நம் நாடு 2000 பிப்ரவரியில் காரீயப் பெட்ரோலை முற்றிலும் நிறுத்தியது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. கண்டுபிடித்து நூறாண்டுகள்! அமெரிக்காவின் நாஸ்கார் கார்ப் பந்தயங்கள் 2007 வரை காரீயப் பெட்ரோலில்தான் ஓடின. சிறு பிஸ்டன் விமானங்களின் பெட்ரோலில் பெரும்பாலும் இன்னமும் அது இருக்கிறது. 'உயர் செயல்திறன்' என்ற சொல்லுக்கு எவ்வளவு சலுகை பாருங்கள்.

'அன்று வேறு வழி இருக்கவில்லையே' என்று சிலர் கேட்கக்கூடும். 1940இல் பிரிட்டிஷ் ஸ்பிட்ஃபயர் விமானங்கள் 87 ஆக்டேனிலிருந்து நூறுக்கு மாறி, எஞ்சினில் கூடுதல் அழுத்தம் ஏற்ற முடிந்தது; அந்தப் பெட்ரோலிலும் காரீயம் உண்டு. போர்க்காலத்தில் அந்த நியாயம் செல்லும், மறுக்கவில்லை. ஆனால் சாதாரணக் காருக்கு வழி இருந்தது. எரிசாராயம் நாக்கை அடக்கும் என்பது மிட்ஜ்லிக்கே தெரியும். காரீயத்துக்கு முன்பே அதைக் கலந்து ஓட்டிப் பார்த்தவர் அவர். அதன் ஆக்டேன் எண் 108க்குப் பக்கம். என்ன குறை? கரும்பிலும் சோளத்திலும் யார் வேண்டுமானாலும் காய்ச்சக்கூடிய பொருளுக்குக் காப்புரிமை கிடைக்காது. பத்திலொரு பங்காவது கலக்கவும் வேண்டும்; காரீயமோ ஆயிரத்திலொரு பங்குகூட வேண்டாம். வேதியியல் தோற்று வாணிகம் வென்றது என்றுதான் இதைப் படிக்கிறேன்.

இன்று அதே எரிசாராயம் எத்தனால் என்ற பெயரில் நம் பங்குக்கு வந்துவிட்டது. இருபது சதவிகிதம் கலந்த இ-20 பெட்ரோலுக்கு ஆக்டேன் எண் 95 வரை வருகிறது. அதற்கும் விலை உண்டு. எத்தனாலில் ஒரு லிட்டருக்குப் பெட்ரோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு வெப்பமே இருக்கிறது. இருபது சதவிகிதக் கலவையில் லிட்டருக்கு ஆறேழு சதவிகித வெப்பம் குறையும் என்பதை நாமே கணக்கிட்டுவிடலாம். மைலேஜ் குறைகிறது என்று பழைய வண்டிக்காரர் முணுமுணுப்பதில் நியாயம் இருக்கிறது. எத்தனால் தண்ணீரை ஈர்க்கும், பழைய ரப்பர்க் குழாய்களைப் பதம் பார்க்கும். கரும்புக்குப் பாயும் தண்ணீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இத்தனை குறையையும் அறிந்தே நான் எத்தனால் பக்கம் நிற்கிறேன். ஏனென்றால் இந்தக் குறைகள் எல்லோர் கண்ணுக்கும் தெரிபவை. சண்டை போட்டுக் கேட்கக்கூடியவை. ஓர் ஒர்க்‌ஷாப் பையனின் எலும்பில் ஓசையில்லாமல் போய் உட்காருபவை அல்ல.

கடைசியாக அந்த பாட்டில் விவகாரம். 'ஆக்டேன் மூன்று பாயிண்ட் உயரும்' என்று விளம்பரம் சொன்னால், அந்தத் தொழிலில் பத்து பாயிண்ட் சேர்ந்ததுதான் பெரும்பாலும் ஓர் எண். 91 என்பது 94 ஆவதில்லை, 91.3 ஆகிறது. இத்தகைய மருந்துகள் பலவற்றில் மாங்கனீஸ் சேர்மம் உண்டு. சிலவற்றில் ஃபெரோசீன் என்ற இரும்புச் சேர்மம். இரண்டுமே பிளக்கில் செங்கல் நிறத்தில் படியும். படியாத பங்கு காரீயம் போன அதே வழியில் வெளியே போகும். மாங்கனீஸைக் காரீயத்துக்குச் சமமாக வைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் புகையாக மூச்சில் ஏறினால் அது நரம்பைத் தாக்கும் என்பது மாங்கனீஸ் ஆலைத் தொழிலாளர்களிடம் நெடுநாளாக அறியப்பட்ட உண்மை. நண்பர் ஒருவர் வாங்கி வந்த பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். 'சிறப்புக் கலவை' என்று இருந்தது. என்ன கலவை என்று எழுதவில்லை. 'ஈதைல்' என்ற பெயர்தான் நினைவுக்கு வந்தது.

எழுதாவிட்டால் என்ன, நாம் கண்டுபிடிக்கலாம். இரண்டாம் ஆண்டு உப்புப் பகுப்பாய்வில் வருவதுதானே! அந்த மருந்து ஊற்றி ஓடிய வண்டியின் பிளக்கிலிருந்து படிவைச் சுரண்டி, சோடியம் கார்பனேட், பொட்டாசியம் நைட்ரேட்டோடு சேர்த்து உருக்கினால், மாங்கனீஸ் இருக்குமானால் பச்சை நிறம் வரும். போராக்ஸ் மணியில் ஆக்சிஜனேற்றச் சுடரில் ஊதா நிறம் காட்டும். இரும்பென்றால் ஒடுக்கும் சுடரில் மணி பச்சையாகும். துறைத் தலைவர் ஐயா ஒரு சனிக்கிழமை ஆய்வகத்தைத் திறந்துவிட்டால், பிளக்குகளைக் கழற்றிக் கொண்டுவர நான் பொறுப்பு. கழற்றும் ஸ்பானரை என் தந்தை தருவதாகச் சொல்லியிருக்கிறார். பாட்டில் வாங்கிய நண்பர்கள் வண்டி எண்ணையும் பாட்டிலின் பெயரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். முடிவுகளைத் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடலாம், தமிழில்.